விளக்கறை ஜன்னலில் மேவிஸ் டிரான்டர்

"பதினோராயிரம் பேர் இருக்கிறீர்கள். மூன்று பள்ளிக்கூடம், இரண்டு மருத்துவர் நிலையம், ஒரு நூலகம், லண்டனுக்கு நேர் ரயில். அப்புறம் ஏன் இன்னும் கிராமம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள்?"

நான் பள்ளியை முடித்த ஆண்டு, கல்லூரி நேர்காணலில் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஊர் எல்லைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று உளறிவிட்டு வந்தேன். மேவிஸ் டிரான்டரின் கதை முழுவதையும் கேட்ட பிறகு பாதிப் பதிலாவது சொல்லலாம் என்று தோன்றுகிறது. என்னைப் பற்றி இவ்வளவு போதும். இது மேவிஸின் கதை.

மேவிஸ் 1932-இல் வெக்ஸ்பர்ன் ரயில் நிலையத்தை ஒட்டிய கரிக்கிடங்கு வீட்டில் பிறந்தாள். அப்போது ஊரில் ஆயிரத்து முந்நூறு பேர். ஐந்து பண்ணைகள், ஒரு தேவாலயம், ஒரு மெதடிஸ்ட் சபை, களிமண் தோண்டிச் செங்கல் சுடும் ஒரு சூளை. அப்பா நிலையத்தில் சுமை தூக்குபவர். மாலையானால் நடைமேடை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றுவதும் அவர் வேலைதான். விளக்குகளை வைத்துத் துடைக்க நடைமேடையின் கோடியில் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை இருந்தது. பள்ளி விட்டதும் மேவிஸ் அங்கேதான் கிடப்பாள். மண்ணெண்ணெய் வாசனை என்றால் அவளுக்கு இன்றைக்கும் அப்பா.

போர் முடிந்தது. செங்கல் சூளை மூடியது. சூளைக்காரர்கள் தோண்டிப்போட்ட பள்ளத்தை நிரப்பி வரிசை வீடுகள் எழுந்தன. அவற்றை லண்டன்காரர்கள் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஆள் குடிவந்தால் மறுநாள் காலை ரயிலுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும் என்று அப்பா சொல்வார். ஊர் பெருத்துக்கொண்டே போனது. மீன் வறுவல் கடை வந்தது, நூலகம் வந்தது, ராணுவ வீரர் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது, சிறுவர்களுக்கு ஊஞ்சல் வைத்த திடல் வந்தது. இவ்வளவு வந்தும் ஊராட்சிக் கூட்டத்தில் யாராவது எழுந்து "இனிமேல் நகரம்னு போட்டுக்கலாமா?" என்றால் மற்றவர்கள் அவரைக் கெட்ட வார்த்தை பேசியவரைப் போலப் பார்த்தார்கள். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிகிற ஊர் எப்படி நகரமாகும் என்பது அவர்கள் வாதம்.

மேவிஸ் பதினைந்து வயதில் படிப்பை விட்டு, தபால் நிலையத்தில் தந்தி கொடுக்கும் பெண்ணாகச் சைக்கிள் மிதித்தாள். பால்காரன் ரெஜ் டிரான்டரைத் திருமணம் செய்துகொண்டாள். ஒரு மகள் பிறந்தாள்; பின்னாளில் அவளும் திருமணமாகி வடக்கே போனாள். நிலையத்துக்கு மின்விளக்கு வந்து விளக்கறை சும்மா கிடந்தபோது அதை வாடகைக்குக் கேட்டாள். சுவரில் ஒரு ஜன்னலை வெட்டி, இரண்டு கொதிகலன் வைத்து, 1966-ஆம் ஆண்டு செப்டம்பரில் டீக்கடை போட்டாள்.

கூட்டம் என்றால் காலை ஏழு பதினாலு ரயிலுக்குத்தான். நாற்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். அந்தக் காலத்து ரயிலில் இருக்கை வரிசைக்கு ஒரு கதவு உண்டு. ஓட்டுநர் எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவார். ஆகவே யாருக்கு எந்தக் கதவு வேண்டுமோ அந்தக் கதவு வரும் இடத்தில் அவரவர் நின்றுகொள்வார்கள். ஆண்டுக்கணக்காக அதே இடம். ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்றார் என்று கேள்விப்பட்டதே இல்லை. வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு தலையசைப்பு. குளிர் அதிகமானால் "கொஞ்சம் குளிர்." ரயில் தாமதமானால் "வழக்கம்போல." பேச்சு அவ்வளவுதான்.

மேவிஸுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. தெரிந்ததெல்லாம் டீ. 'இரண்டு சர்க்கரை', 'பால் வேண்டாம்', 'டீத்தூள் பையை உள்ளேயே விடு' என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரே ஒருவர் மட்டும் கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அதன்மேல் டீயை ஊற்றச் சொல்வார். கடை திறந்த முதல் வாரமே வந்தவர். ஒல்லியான, சாம்பல் கோட்டுப் போட்ட மனிதர். வீட்டுக்குப் போனால் ரெஜ்ஜிடம் அவரைப் 'பால்முதல்' என்றுதான் சொல்வாள்.

பெயர் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முதல் வாரத்தில் கேட்டிருக்கலாம். முதல் மாதத்தில்கூடக் கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் கேட்கக் கூடாது. பத்தொன்பது வருடம் தினமும் பார்த்துவிட்டு "உங்க பேர் என்ன?" என்று கேட்டால், இத்தனை நாளும் உன்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. அந்த அவமரியாதையைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

1986 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பால்முதல் வரவில்லை.

மேவிஸ் பழக்கத்தில் அவருக்குப் பாலை ஊற்றி வைத்துவிட்டாள். ரயில் வந்தது, போனது. செவ்வாயும் வரவில்லை. அவர் நிற்கும் நான்காவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம். இரண்டு பக்கமும் நின்றவர்கள் அதை அடைத்துக்கொண்டு நகரவில்லை. பத்தொன்பது வருடத்தில் கோடை விடுமுறை தவிர அவர் ஒரு நாள் தவறியதில்லை. புதனும் இடம் காலி. அன்று சாயங்காலம் மேவிஸ் ரெஜ்ஜிடம் சொன்னாள்.

"லண்டன்ல வேலை போயிருக்கும்," என்றான் ரெஜ், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இல்லன்னா பஸ்ல போறாரோ என்னவோ. உனக்கு என்ன, நீ அவர் அத்தையா?"

"அந்த மனுஷன் தனியா விழுந்து கிடந்தா? யாருக்குத் தெரியும்?"

"வீடு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பேரு?"

மேவிஸ் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நல்லா தேடு," என்றான் ரெஜ். "டீயில பால் முதல்ல ஊத்துறவரைப் பாத்தீங்களான்னு வீடு வீடாப் போய்க் கேளு."

ஏறக்குறைய அதைத்தான் செய்தாள். வியாழனன்று காலைக் கூட்டம் முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்திரிகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வகாரியா உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து வந்து பதினாலு வருடம் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் பெயர் அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் பத்திரிகையின் மூலையில் அவர்தான் பென்சிலால் எழுதுகிறவர்.

"சாம்பல் கோட்டுக்காரரா? தெரியுமே!" என்றார் வகாரியா. "குறுக்கெழுத்துக்காக வாங்குவார். கடையிலயே மடிச்சு அந்தப் பக்கத்தை மேல வச்சுக்குவார். நல்ல மனுஷன்."

"பேரு?"

"அவர் கையில வாங்கிட்டுப் போறவர், மிஸஸ் டிரான்டர். வீட்டுக்குப் போட்டாத்தானே நான் பேரு எழுதணும்!"

அங்கிருந்து மருத்துவர் நிலையம். முன்மேசையில் இருந்த நோரீன் மேவிஸோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஆனாலும் மேசைக்குப் பின்னால் போய்விட்டால் யாரையும் தெரியாது.

"பேர் சொல்லுங்க, அட்டையைப் பாக்கலாம்."

"பேரைத்தான் கேக்க வந்திருக்கேன், நோரீன்."

"பேர் இல்லாம அட்டை எடுக்க முடியாது. பேர் இருந்தாலும் உன்கிட்ட சொல்ல முடியாது."

"அப்ப எதுக்குடீ பேரைக் கேட்ட?"

"அது முறை," என்றாள் நோரீன்.

வெள்ளிக்கிழமை காலை மேவிஸ் துணிந்துவிட்டாள். நான்காம் கம்பத்துக்கு இடப்பக்கம் நிற்கும் குடைக்காரரை, டீயை நீட்டும்போதே பிடித்துக்கொண்டாள். வெயிலடித்தாலும் கையில் குடை இருக்கும் ஆள் அவர்.

"தப்பா நினைக்காதீங்க, ஐயா. உங்க பக்கத்துல நிப்பாரே, அவருக்கு என்ன ஆச்சுன்னு..."

குடைக்காரர் காதுவரை சிவந்தார். "நானும் கவனிச்சேன். ஆனா... விசாரிக்கிறது நல்லா இருக்குமான்னு..."

"பேராவது தெரியுமா?"

"தெரியும்!" என்றார் குடைக்காரர். நிம்மதி அவர் முகத்திலேயே தெரிந்தது. "வில்ஃபிரட். ஞாயித்துக்கிழமை திடல் பக்கம் போனப்ப கேட்டேன். ஒரு அம்மா 'வில்ஃபிரட், வில்ஃபிரட்'னு பிரியமா கூப்பிட்டாங்க. திரும்பிப் பாத்தா இவரு நிக்கிறாரு."

அந்த ஒரு சொல் நடைமேடை முழுக்கப் பரவ ஐந்து நிமிடம் ஆகவில்லை. பெயர் கிடைத்துவிட்டதால் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. ரயிலில் கம்பளி பின்னிக்கொண்டே போகும் அம்மாள் மாலை திரும்பும்போது ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்தார். "அன்புள்ள வில்ஃபிரட், விரைவில் குணமடைய வாழ்த்துகள்." திரும்பும் ரயிலிலேயே நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் கிறுக்கல், ஒரு பெயரையும் படிக்க முடியாது. விலாசம் தெரியாததால் அட்டை மேவிஸிடம் வந்து சேர்ந்தது. அவள் அதைத் தேவாலயத்துக் குருவிடம் எடுத்துப்போனாள். அவரும் வில்ஃபிரட் யாரென்று யோசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் ஞாயிறு ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஞாயிறு வழிபாட்டில் குரு கண்ணை மூடி, "நோயுற்றிருக்கும் நம் சகோதரர் வில்ஃபிரடுக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் பலமாகக் கேட்டது.

"வில்ஃபிரடுக்கு என்ன ஆச்சு? ஐயோ, வண்டில கிண்டில அடிபட்டானா?"

மிஸஸ் ஃபெல்ப்ஸ். தினமும் இரண்டு வேளை தன் நாயைத் திடலுக்கு நடக்கக் கூட்டிப்போகிறவர். வழிபாடு முடிந்ததும் மேவிஸ் அவரை வாசலில் மறித்தாள்.

"உங்களுக்கு வில்ஃபிரடைத் தெரியுமா?"

"தெரியாம? என் பெட்டுனியாவுக்கு அவன்னா உயிரு. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும்."

மேவிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாயா?"

"பின்ன?"

"அவனைக் கூட்டிட்டு வர்றவர் பேரு?"

மிஸஸ் ஃபெல்ப்ஸ் யோசித்தார். "வில்ஃபிரடோட அப்பா," என்றார் கடைசியில். "நாங்க அப்படித்தான் சொல்வோம். அவங்களையும் ஒரு வாரமாக் காணோம். எப்பவும் செங்கல்சூளைச் சந்து வழியாத்தான் திரும்புவாங்க."

வீட்டுக்கு வந்த மேவிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். ரெஜ் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாய் என்றதும் ரெஜ் கத்தியைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"நாய்க்கு நாப்பத்தொரு பேரு கையெழுத்தா! குரு வேற ஜெபமா!"

"சிரிக்காதே, ரெஜ். செங்கல்சூளைச் சந்துக்கு நீதானே பால் போடுற? நாய் இருக்கிற வீடு எது?"

ரெஜ்ஜின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பால்காரனுக்கும் ஊரில் பலர் பெயர் தெரியாது. வீட்டு எண்ணும் பாட்டில் கணக்கும்தான். ஏதோ நினைவு வந்தவனாகக் கையைத் துடைத்துக்கொண்டு போய், மாட்டியிருந்த வேலைக் கோட்டின் பையில் துழாவினான். ஒரு சுருட்டிய சீட்டு. காலிப் பாட்டிலின் வாயில் செருகி வைத்திருந்தது. அதில் சிறிய எழுத்தில், "இனிமேல் ஒன்று மட்டும் போதும். நன்றி" என்று இருந்தது.

"பதினேழாம் நம்பர்," என்றான். "எப்பவும் ரெண்டு பாட்டில். செவ்வாய்க்கிழமை இந்தச் சீட்டு."

இருவரும் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டில் ஒருவர் இல்லை. யார் என்பதுதான் தெரியவில்லை.

மேவிஸ் அன்று மாலை மூன்று மணிக்குச் செங்கல்சூளைச் சந்து பதினேழாம் எண் கதவைத் தட்டினாள். உள்ளே நாய் குரைத்தது. அவள் மறுபடி தட்டினாள். பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. சாம்பல் கோட்டு இல்லாமல், கம்பளிச் சட்டையோடு, அவர்தான் நின்றார்.

அவளை எங்கே பார்த்தோம் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. ஜன்னல் இல்லாமல் அவளை அவர் பார்த்ததே இல்லையே. "நீங்க... ரயில் ஏதும் நின்னுபோச்சா?" என்றார்.

"இல்லீங்க. நீங்க ஒரு வாரமா வரலையேன்னு. நான் மேவிஸ்."

அவர் அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "ஆல்வின்," என்றார். "ஆல்வின் ஸ்கீட்ஸ்." கையை நீட்டினார். பத்தொன்பது வருடம் கோப்பை வாங்கிய கையை மேவிஸ் முதன்முறையாகக் குலுக்கினாள்.

ஸ்கீட்ஸ். அந்தப் பெயரை அவள் எங்கோ படித்திருந்தாள். வெள்ளிக்கிழமை வார இதழில், இரங்கல் பக்கத்தில். 'ஸ்கீட்ஸ், தெல்மா. நீண்ட நாள் நோய்க்குப் பின். வியாழன் காலை பத்து மணி, மெதடிஸ்ட் சபை.' படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தாள்.

அவர் டீ போட்டார். தெல்மாவுக்கு நரம்பு நோய். பதினோரு வருடமாக மாடி அறைக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பகலில் ஒரு தாதி வருவாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலும் வில்ஃபிரடும்தான். இதையெல்லாம் அவர் வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"யாருக்குமே சொல்லலையா, ஐயா?" என்றாள் மேவிஸ்.

"யாருக்குச் சொல்றது? அவளோட அக்கா கனடாவுல. மத்தபடி நான் தினம் பாக்குறது உங்களையெல்லாம்தான். ஒருத்தர் பேரும் தெரியாதே. எழுதிப் போடவும் வழியில்ல." கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆனா தெல்மாவுக்கு உங்க எல்லாரையும் தெரியும்."

"எப்படி?"

"சாயங்காலம் நான் படி ஏறும்போதே கேப்பா. 'இன்னிக்கு மேடைல என்ன நடந்துச்சு?' ஒண்ணும் நடக்கலைன்னா விடமாட்டா. அதனால ரயில் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் பாத்து வச்சுக்குவேன். அந்த அம்மா இப்ப பச்சை நூல்ல பின்றாங்க. குடைக்காரர் இன்னிக்குக் குடையை மறந்துட்டு வந்து தவிச்சாரு. அவதான் எல்லாருக்கும் பேரு வச்சா. உங்களுக்கும் உண்டு."

"என்ன பேரு?"

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. 'மூடுபனி.' டீ ஆவியில உங்க கண்ணாடி எப்பவும் மூடிக் கிடக்குமாம். நான்தான் சொன்னேன்."

மேவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க நேரம் பிடித்தது.

"வியாழக்கிழமைக்கு எத்தனை பேரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

"நான்," என்றார் ஆல்வின். "வில்ஃபிரடை உள்ள விடுவாங்களான்னு கேக்கணும்."

திங்கட்கிழமை காலை மேவிஸ் டீ விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியால் எழுதினாள். "நான்காம் கம்பத்துக்காரர் பெயர் ஆல்வின் ஸ்கீட்ஸ். மனைவி தெல்மா இறந்துவிட்டார். நம் எல்லாரையும் தெரிந்தவர். வியாழன் பத்து மணி, மெதடிஸ்ட் சபை."

ஒவ்வொருவராக வந்தார்கள். படித்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போனார்கள். குடைக்காரர் மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, "கொஞ்சம் குளிர்" என்றார். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. புதன் சாயங்காலம் மேவிஸ் சமையலறையில் பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்தாள்.

"வியாழக்கிழமை வேலை நாள், மேவ்," என்றான் ரெஜ். "அதுக மூணு நிமிஷம் ரயில் லேட்டானாலே உயிர் போற ஜனங்க. நானும் நீயும் போவோம். மூணு பேரு, ஒரு நாய். போதும்."

"போதாது," என்றாள் மேவிஸ். "அந்த அம்மா பதினோரு வருஷம் இவங்களோட வாழ்ந்திருக்கா."

வியாழன் காலை அவள் கறுப்பு உடையில் கடை திறந்தாள். ஏழு மணிக்கு எல்லாரும் வழக்கம்போல வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். நன்றாக விடிந்திருக்கவில்லை, டீ கொடுக்கும்போது அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயம். ஏழு பதினாலு வந்தது. கதவுகள் நேரே வந்து நின்றன.

ஒருவரும் நகரவில்லை.

ரயில் கார்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருபுறமும் பார்த்தார். "என்னங்க, ஏறலையா?"

நாற்பத்தொரு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பேசுவது யார் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை. கடைசியில் குடைக்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு இல்லைங்க," என்றார்.

"யாருமே இல்லையா?"

"குடும்பத்துல ஒரு சாவு," என்றார் குடைக்காரர்.

கார்டு தொப்பியைக் கழற்றினார். பிறகு விசில் ஊதினார். காலியான ரயில் போனது. அப்போதுதான் மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஆண்கள் எல்லாரும் கறுப்பு டை. கம்பளி பின்னும் அம்மாள் கையில் நூல் இல்லை, பூக்கள்.

"வழிபாடு பத்து மணிக்குத்தானே?" என்றாள் மேவிஸ். "மூணு மணி நேரம் இருக்கே! எதுக்கு இந்தக் குளிர்ல இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

குடைக்காரர் ஏதோ குற்றம் செய்தவர் போல விழித்தார். "இது எங்க நேரமாச்சே," என்றார். "வேற எப்ப வர்றதுன்னு தெரியல."

மேவிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டாவது கொதிகலனையும் போட்டாள். யாரும் கம்பத்தடியில் நிற்கவில்லை. ஜன்னலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மூன்று மணி நேரம் "கொஞ்சம் குளிர்" என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எட்டு மணி வாக்கில் கம்பளி பின்னும் அம்மாள் குடைக்காரரிடம், "இப்படிக் கேக்கிறதுக்கு மன்னிக்கணும். உங்க பேரு?" என்று கேட்டார். "டெஸ்மண்ட் கூட்," என்றார் அவர். "அம்மா பேரு?" "பெரில் நட்லி." "நானும் பத்து வருஷமா உங்க பச்சை ஸ்வெட்டர் யாருக்குன்னு கேக்கணும்னு..." "பேரனுக்கு. முடிக்கிறதுக்குள்ள அவன் வளந்துடறான், அதான் திரும்பத் திரும்பப் பிரிக்கிறேன்." சிரிப்பு கிளம்பியது. அதன்பின் அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நடைமேடையில் அப்படி ஒரு இரைச்சலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று மேவிஸ் சொல்வாள்.

ஒன்பதரைக்கு எல்லாரும் நடந்தார்கள். ரெஜ் பால் வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வகாரியா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நோரீன் வந்திருந்தாள்; மேசைக்குப் பின்னால் இல்லாததால் அவள் மேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸஸ் ஃபெல்ப்ஸ் வில்ஃபிரடைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

சபை வாசலில் தனியாக நின்றிருந்த ஆல்வின் ஸ்கீட்ஸ், சந்து திரும்பி வந்த கூட்டத்தைப் பார்த்தார். முதலில் வேறு யாருக்கோ வழிவிடுபவர் போல ஓரமாக ஒதுங்கினார். டெஸ்மண்ட் கூட் அவருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். அடுத்து பெரில், பச்சை ஸ்வெட்டர் பேரனுக்கு என்பதையும் சேர்த்து. அடுத்தவர். நாற்பத்தொரு பெயர். ஆல்வின் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

பிறகு கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். போதகர் ஜெபத்தை முடித்துப் புத்தகத்தை மூடினார். ஆல்வின் விளிம்பில் குனிந்து, பக்கத்து அறையில் இருப்பவளிடம் பேசும் குரலில் சொன்னார்.

"தெல்மா, எல்லாரும் வந்திருக்காங்க. நீ 'பிஷப்'னு சொல்வியே, குடைக்காரர், அவர் பேரு டெஸ்மண்ட். 'சிலந்தி'யோட பேரு பெரில். பச்சை ஸ்வெட்டர் பேரனுக்காம், நீ சொன்னதுதான் சரி. 'மூடுபனி' பேரு மேவிஸ்..."

நாற்பத்தொரு பேரையும் மேவிஸையும் அவர் அப்படிச் சொல்லி முடித்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள் முதல் ஆல்வின் மறுபடி வந்தார். மேவிஸ் இன்னும் பதினோரு வருடம் கடை நடத்தினாள். பிறகு நிலையத்தைப் புதுப்பித்தார்கள். விளக்கறை இருந்த இடத்தில் இப்போது காசு போட்டால் காபி ஊற்றும் இயந்திரம் நிற்கிறது. தானியங்கிக் கதவு போட்ட ரயில் எங்கே வேண்டுமானாலும் நிற்கிறது. ரெஜ் போய்விட்டான். ஆல்வினும் போய்விட்டார்; அவரைத் தெல்மாவின் பக்கத்தில் வைத்தபோது இடம் போதாமல் பாதிப் பேர் சாலையில் நின்றார்கள். கரிக்கிடங்கு இருந்த இடத்தில் கட்டியிருக்கும் முதியோர் இல்லத்தில் மேவிஸ் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறவர்களிடம் அந்தக் காலைப் பொழுதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒருமுறைகூடத் தன்னை முன்னால் வைத்துச் சொன்னதில்லை.

வெக்ஸ்பர்னில் தெல்மா ஸ்கீட்ஸின் குரலைக் கேட்டவர்கள் மூன்று நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒரு மாடி அறையில் படுத்துக்கொண்டே ஒரு நடைமேடை முழுவதையும் தெரிந்துவைத்திருந்த பெண் அவர். இதைப் படித்தவர்கள் யாராவது ஒருவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் பெயரும் வேண்டாம், ஊர்ப் பெயர் மறந்தாலும் பரவாயில்லை. தெல்மாவின் பெயரை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.